உள்பக்கத்து ரெண்டு போல்ட்டு

லாரியை இன்னொரு லாரி சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சங்கிலிச் சத்தம்தான் முதலில் கேட்டது. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு தகரக் கதவு. ஈரக் கையோடு வந்து அதன் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒன்பது நாளைக்கு முன்னால் இதே பட்டறையிலிருந்து உறுமிக்கொண்டு போன வண்டி. இப்போது பின்விளக்கு இரண்டும் நொறுங்கி, பின்பலகை உள்ளே நசுங்கி, செங்கல் பாரத்தோடு மழையில் நனைந்துகொண்டு நின்றது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

கதவைத் திறக்கவில்லை. வண்டிக்காரர்கள் இருக்கும்போது அவள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். பட்டறை அவள் கணவருடையது. டீசல் பம்ப் மேஸ்திரி என்றால் அந்த ரோட்டில் அவர் ஒருத்தர்தான்.

"எப்பிடிடா ஆச்சு?" என்று மேஸ்திரி டிரைவரிடம் கேட்டார்.

டிரைவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டான். முந்திப் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவன் நனைந்த துண்டைத் தலையிலிருந்து எடுக்காமலே பேசினான்.

"ஏத்தத்துல அண்ணே. பாதி ஏறியாச்சு. மூணாவது கியர்லேர்ந்து ரெண்டாவதுக்கு எறக்குறேன், டொக்குன்னு ஒரு சத்தம். அவ்ளோதான். இழுவையே இல்ல. பின்னாடி ஒரே வெள்ளப் பொக, கண்ணாடில ஒண்ணும் தெரியல. எஞ்சின் நின்னுபோச்சு."

"பிரேக்கு?"

"மிதிச்சேன். பிரேக்குக்குக் காத்து கம்மியாத்தான் இருந்துச்சு. மொதல்ல நின்ன மாதிரி இருந்துச்சுண்ணே. அப்புறம் மெள்ள மெள்ளப் பின்னால போவுது. பின்னாடி ஒரு வேன். ஷிப்டுக்குப் போற பொம்பளைங்க. அதுங்க கத்துறது எனக்குக் கேக்குது. ஸ்டியரிங்க ஒடிச்சு மைல்கல்லு மேல விட்டேன். கல்லு சாஞ்சுது, வண்டி நின்னுது."

"வேனு?"

"இவ்ளோ தள்ளி" என்று ஆமை இரண்டு கையையும் காட்டினான். இடுக்கு வழியாகப் பார்த்தவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. அது தெரியாததே அவளுக்குத் தாங்கவில்லை.

பின்னாலேயே முதலாளி வந்து இறங்கினார். மூன்று லாரிக்குச் சொந்தக்காரர். குடையை மடக்காமலே தகரக் கூரைக்குள் நுழைந்தார்.

"என்னய்யா மேஸ்திரி, ஆமை ரிவர்ஸ்ல போயிருக்கு பாத்தியா? முன்னால போறதுக்குத்தான் வேகம் கெடையாது, பின்னால போறதுக்கு இருக்கு."

அவரே சிரித்துக்கொண்டார்.

"இப்பத்தான் உங்கிட்ட டைமிங் வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஒம்போது நாள். உன் வேல அசையாதுன்னு ஊரே சொல்லுது, நானும்தான் சொல்லியிருக்கேன். அப்ப வேற என்ன? இவன் வேலதான். நல்ல டீசல எறக்கி வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தியிருக்கான். பம்ப்பு உள்ளார சுத்தாம இறுகிப் புடிச்சிருக்கும். பிரிச்சுப் பாரு, நீயே சொல்லுவ. நீ சொன்ன அடுத்த நிமிஷம் நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"நான் கலக்கல முதலாளி" என்றான் ஆமை. ஒரு தடவைதான் சொன்னான். போய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தான்.

கதவுக்கு இந்தப் பக்கம் அவள் தன் வலது கையைப் பார்த்தாள்.

அந்த வகை எஞ்சினில் கப்ளிங் என்று ஒன்று உண்டு. எஞ்சின் சுற்றுகிற சுற்றைப் பம்ப்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அதுதான். எந்த நொடியில் எந்தச் சிலிண்டருக்கு டீசல் பாய வேண்டும் என்பது, அதாவது டைமிங், அந்த இணைப்பு நிற்கிற நிலையில் இருக்கிறது. நாலு போல்ட்டில் நிற்கும். வெளிப்பக்கம் இரண்டு, யார் வேண்டுமானாலும் ஸ்பேனர் போடலாம். உள்பக்கம் இரண்டு, எஞ்சினை ஒட்டிய சந்தில். மற்ற பட்டறைகளில் வெளியே இருப்பதை இறுக்கிவிட்டு, எஞ்சினைக் கம்பியால் நெம்பித் திருப்பி, உள்ளே இருப்பது வெளியே வந்ததும் அதையும் இறுக்குவார்கள். திருப்பினால் முடியளவாவது நகரும் என்பது மேஸ்திரியின் கட்சி. வைத்தது வைத்தபடி நாலையும் இறுக்க வேண்டும். ஆனால் அவர் கை அந்தச் சந்தில் மணிக்கட்டோடு சரி. அவள் கை முழங்கை வரை போகும். அவளுக்கென்று ஒரு சின்ன ஸ்பேனரைக் காய்ச்சி வளைத்துக் கொடுத்திருந்தார். வண்டிக்காரர்களை டீக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தட்டுவார். அவள் வந்து கையை விட்டு இறுக்கிவிட்டுப் போய்விடுவாள். அவர்கள் திரும்பி வரும்போது மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒன்பது நாளைக்கு முன்னாலும் அப்படித்தான் வந்தாள். நட்டு இரண்டையும் விரலால் ஏற்றினாள். ஸ்பேனரை உள்ளே விடப் போனபோது வீட்டுக்குள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார்: "உல பொங்கி அடுப்பு அணையுது. வீட்டுல ஆளிருக்கா, செத்துட்டாங்களா?"

ஓடினாள். வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த மேஸ்திரி அவள் இறுக்கிவிட்டுப் போனதாக நினைத்திருப்பார். அடுப்பை ஏற்றி, கஞ்சி வடித்து, அவருக்குத் தட்டு வைத்து, தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு வந்தால் முதலாளி டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். கதவு சாத்தியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதற்கு முன் இறுக்கினோமா? அடுப்புக்கு ஓடியது நினைவிருந்தது. கையில் ஸ்பேனர் இருந்தது நினைவிருந்தது. நட்டு கடைசியாகக் கிர் என்று கடிக்குமே, அதுவும் நினைவில் இருந்தது. ஆனால் அது எந்த வண்டியில் கடித்தது? கைக்கு எல்லா வண்டியும் ஒரே வண்டிதான். இறுக்கியிருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். ஒன்பது நாளும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டாள். அவரிடம் கேட்கப் பயம். கேட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். கத்தமாட்டார். மாசக்கணக்கில் பேசமாட்டார்.

மேஸ்திரி வேலையை ஆரம்பித்தார். "சுத்திவிடு."

ஆமை ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் கடகடவென்று சுற்றியது, ஒரு தரம் பிடிக்கிற மாதிரி இருமியது, அணைந்தது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து தகரக் கதவுக்கு அடியிலும் நுழைந்தது. பச்சை டீசல் வாடை. எரியாமல் அப்படியே வெளியே வருகிற வாடை. 

மேஸ்திரி அவசரப்படுகிறவர் இல்லை. கைப்பம்ப்பை அடித்துக் குழாயில் காற்று இருக்கிறதா பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. பில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. டீசலை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார்.

"மண்ணெண்ண வாட இல்லையே முதலாளி."

"போன வாரம் கலந்தது இன்னிக்கா நாறும்? நீ உன் வேலயப் பாரு."

சிலிண்டருக்கு டீசல் கொண்டுபோகிற இன்ஜெக்டர் குழாய் ஒன்றின் நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி சுற்றச் சொன்னார். டீசல் பீச்சி அடித்தது.

"வருது. வரவேண்டிய நேரத்துக்கு வரல" என்றார்.

மேல்மூடியைத் திறந்தார். கம்பியைப் போட்டு எஞ்சினை நெம்பி நெம்பி, முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடி நிற்கிற இடத்துக்கு, எஞ்சினோடு சுற்றுகிற பிளைவீல் சக்கரத்தின் கோடு சின்ன ஜன்னலில் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு குனிந்து கப்ளிங்கைப் பார்த்தார். அவர் கையால் உளியில் வெட்டின கோடு இரண்டு பக்கத்திலும் உண்டு. ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டியது. ஒரு விரல்நகம் அகலத்துக்கு விலகியிருந்தது.

"நழுவியிருக்கு."

"ஏன் நழுவுது?"

மேஸ்திரி வெளிப்பக்கத்து இரண்டிலும் ஸ்பேனர் போட்டார். கால் சுற்று வாங்கியது. "இவ்ளோ லூசுக்கு நழுவாது. உள்ள ரெண்டு இருக்கு. அதப் பாக்கணும்."

"அது டைட்டா இருந்தா?"

மேஸ்திரி ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார். "டைட்டா இருந்தும் நழுவிச்சுன்னா, பம்ப்பு புடிச்சு ஒதறியிருக்கணும்."

"அப்ப இவன்தான். ஆமை, கேட்டுக்கோ. உள்ள ரெண்டும் டைட்டா இருந்தா நீ உள்ள."

முதலாளிக்கு அவர் பேச்சே பிடித்திருந்தது. இன்னொரு தரம் சொன்னார்.

மேஸ்திரி கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டோடு நின்றது. உருவியபோது புறங்கைத் தோல் வழண்டிருந்தது. "நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன் முதலாளி."

"காலையிலேர்ந்து நாலு டீ ஆச்சுய்யா. வயிறு எரியுது. நான் எங்கயும் போகல. நீ பாரு."

மேஸ்திரி கம்பியை எடுத்தார். அவள் பார்த்தாள். இப்போது நெம்புவார். அரைச் சுற்று. உள்ளே இருப்பது வெளிச்சத்துக்கு வரும். அவர் ஸ்பேனர் போடுவார். லூசாக இருந்தால் அவருக்குத் தெரியும், அவருக்கு மட்டும், வாயைத் திறப்பாரா? தன் பட்டறையின் பேரை ஆமைக்காக இறக்கி வைப்பாரா? அவளால் சொல்ல முடியவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரே பாயில் படுத்தும் அது தெரியவில்லை.

தகரக் கதவைத் திறந்தாள்.

வளைந்த ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்லப் போகிறோமா, யாருக்கும் தெரியாமல் இறுக்கப் போகிறோமா என்பதும் தெரியாது. முதலாளி வாயைப் பிளந்தார். மேஸ்திரி கம்பியோடு நின்றார். "உள்ள போ" என்று உதடு மட்டும் அசைந்தது.

"திருப்பாதீங்க" என்றாள். பம்பர் மேல் காலை வைத்து ஏறி, கன்னத்தை எஞ்சினோடு ஒட்டி, கையைச் சந்துக்குள் விட்டாள்.

"யாருய்யா இது? உன் சம்சாரமா? இது என்ன கூத்து?"

விரல் நட்டைத் தொட்டது. தொட்டதும் சுற்றியது. தள்ளவே வேண்டாம், சோற்றுப் பருக்கையை நகர்த்துகிற மாதிரி நகர்ந்தது. அடுத்ததும் அப்படித்தான்.  வேனில் கத்தின பொம்பளைகள், மைல்கல், ஆமை காட்டின அந்த இவ்வளவு, எல்லாம் அந்த இரண்டு நட்டில்தான் இருந்தது. ஸ்பேனர் எங்கேயோ இடித்து டிங்கென்றது.

"எப்பிடி இருக்கு?" என்றார் மேஸ்திரி. குரல் அவருடையது மாதிரி இல்லை.

நாலு சுற்று போதும். ஒன்றுக்கு இரண்டு. அவள் கை அங்கே என்ன செய்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்பேனரை நட்டில் மாட்டினாள். மாட்டி ஒரு சுற்றும் சுற்றிவிட்டாள்.

"அங்க சூடா இருக்கும் அக்கா, பாத்து" என்றான் ஆமை, டயர் மேலிருந்து.

அவள் ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்தாள்.

"லூசு" என்றாள். "ரெண்டும் விரல்ல சுத்துது."

 முதலாளி குடையை இப்போதுதான் மடக்கினார்.

"என்னய்யா சொல்றா?"

மேஸ்திரி முந்திக்கொண்டார். "என் தப்பு முதலாளி. அன்னிக்கு நான் விட்டுட்டேன். அவன் மேல ஒண்ணும் இல்ல."

அவர் வாயைத் திறப்பாரா என்று கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.  கூடவே எரிச்சலும் வந்தது. இத்தனை வருஷமும் இறுகி நின்ற அத்தனை போல்ட்டும் அவர் வேலை. இன்றைக்கு அவிழ்ந்த இரண்டும் அவர் தப்பு. அப்படியென்றால் இந்தச் சந்துக்குள் இருக்கிற கை யாருடையது?

கையை உருவிக்கொண்டு இறங்கினாள். முழங்கை வரை கறுப்பு.

"அவர் கை உள்ளயே போகாது. இப்பத்தான பாத்தீங்க. நான் போட்டது. வெரல்ல ஏத்திட்டு, சோறு பொங்குதுன்னு ஓடிட்டேன். திரும்பி வந்தா நீங்க நின்னீங்க. உங்க முன்னாடி நான் வரக் கூடாதுன்னு அப்பிடியே விட்டுட்டேன்."

"நீ போட்டியா?"

"உங்க மூணு வண்டிக்கும் நான்தான் போட்டேன்."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். "ஏன்யா, பொம்பளகிட்ட ஸ்பேனரக் குடுத்துட்டு எங்களயெல்லாம் டீக்கடைக்கு அனுப்பிக்கிட்டு இருந்தியா? இது வெளிய தெரிஞ்சா ஒரு வண்டி உன் வாசல்ல நிக்குமா? நான் இத வேற பட்டறைக்குக் கொண்டு போறேன்."

"கொண்டு போங்க" என்றாள். "தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

 கதவுக்குப் பின்னால் மாமனார் இருமினார். வேண்டுமென்றே இருமுகிற இருமல்.

ஆமை எழுந்து வந்தான். முதலாளியைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்க்கவில்லை.

"நான் செத்திருப்பேன் அக்கா."

"ம்."

"அந்த வேன்ல பன்னெண்டு பேரு."

 மன்னிச்சிடு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவன் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படி அவனைச் சொல்ல வைப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"சரி பண்ணுங்க" என்று ஆமை சொல்லிவிட்டு மறுபடி டயரில் போய் உட்கார்ந்தான். முதலாளி முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை. செங்கல் போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

நாலு பேர் பார்க்க அவள் வேலை செய்தது அதுவே முதல் தடவை.  மேஸ்திரி முதல் சிலிண்டர் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தத் துணியில் வைத்து, வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த சின்னக் குழாயைப் பூட்டினார். அவள் கைப்பம்ப்பை அடித்தாள். குழாயிலிருந்து டீசல் கம்பியாக ஊற்றியது. அவர் வெளிப்பக்கத்து இரண்டையும் தளர்த்தி, கப்ளிங்கைப் பிடித்துப் பம்ப்பை மெல்லத் திருப்பினார். கம்பி நூலானது. நூல் அறுந்து சொட்டானது. சொட்டும் நின்று நின்று விழுந்தது. அதுதான் பம்ப் அடிக்க ஆரம்பிக்கிற நிமிஷம். பிளைவீல் கோடும் அங்கேயே நிற்க வேண்டும்.

"இன்னும்" என்றாள். "இன்னும் ஒரு துளி. நில்லுங்க."

சொட்டு குழாய் முனையில் பருத்துத் தொங்கியது. அவள் வாய்க்குள் எண்ணினாள். பதினஞ்சு வரை எண்ணினபிறகு விழுந்தது. அடுத்ததையும் எண்ணினாள். மூன்றாவதையும் எண்ணினாள். ரெண்டு போதும் என்பதுதான் வழக்கம்.

"போடு" என்றார் அவர். அவள் ஒத்துக்கொண்ட பிறகு அவளோடு பேசின முதல் வார்த்தை.

வெளிப்பக்கம் அவர் இறுக்கினார். உள்பக்கம் அவள். நட்டு கடிக்கும்போது சத்தமாகச் சொன்னாள்: "ஒண்ணு." பிறகு, "ரெண்டு." எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். "ஒண்ணு. ரெண்டு."

"மூடலாம்" என்றார் அவர்.

"திருப்புங்க."

"எதுக்கு?"

"உள்ள இருக்கிறது வெளிய வரட்டும். நீங்களும் ஒரு தடவ ஸ்பேனர் போட்டுப் பாருங்க. அப்புறம் ரெண்டு சுத்து சுத்திச் சொட்டு பாப்போம்."

"நீதான் போட்டாச்சே."

"அன்னிக்கும் நான்தான் போட்டேன்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் இறுக்கினதை அவர் சரிபார்த்ததில்லை. நம்பிக்கை என்று அவர் சொல்வார். சரிபார்க்க எஞ்சினைத் திருப்ப வேண்டும், திருப்பினால் அவர் கட்சி என்னாகும் என்பதையும் அவள் சேர்த்துக்கொள்வாள். அவர் கம்பியை எடுத்து நெம்பினார். இரண்டு நட்டும் வெளியே வந்தன. ஸ்பேனர் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. ரெண்டு சுற்றுக்குப் பிறகும் சொட்டு அதே இடத்தில், அதே நேரத்துக்கு விழுந்தது. முடியளவுகூட நகரவில்லை. அவர் வால்வையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டு எல்லாவற்றையும் மூடினார்.

எஞ்சின் பிடித்தது. முதலில் கொஞ்சம் வெள்ளை, பிறகு புகையே தெரியவில்லை. ஆமை பிரேக்குக்குக் காற்று ஏறுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏறி நின்றது. அப்போதும் இறங்கி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து கசிகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான்.

"பாரத்தோட ஒரு ஏத்தம் ஏத்திக் காட்டணும்" என்றார் முதலாளி. "யாரு கூட உக்கார்றது?"

பம்ப்பில் கை வைத்தவன் முதல் ஏற்றத்துக்கு டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். லாரிக்காரர்கள் அதில் விட்டுக்கொடுப்பதில்லை.

"நான் ஏர்றேன்" என்றார் மேஸ்திரி.

"கை வெச்சவங்க ஏறணும்ணே" என்றான் ஆமை. அவன் குரலில் கோபம் இல்லை. விட்டுக்கொடுக்கிற எண்ணமும் இல்லை.

மேஸ்திரி அவள் முழங்கையைப் பிடித்தார். "வேணாம். மழ பேஞ்சு வழுக்கும்." பிடித்த பிடியை விடவில்லை. பயப்படுகிறார். அவளுக்காகவா, அவள் இறுக்கினதைப் பற்றியா என்று கேட்கத் தோன்றியது.  கையை விடுவித்துக்கொண்டு ஏறினாள்.

லாரிக்குள் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஆமை ஒரு மரக்கட்டையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை, ஆறு கிலோவாவது இருக்கும்.

"பின்னால போச்சுன்னா குதிச்சு இத வெக்கணும். பின்சக்கரத்துக்கு. வெச்சுட்டுக் கைய எடுத்துடணும்."

"எடுக்கலன்னா?"

"எடுத்துடுங்க அக்கா."

ஏற்றம் ரெண்டு மைல் தள்ளி இருந்தது. தூறல் விடவில்லை. வைப்பர் ஒன்றுதான் ஓடியது, அதுவும் ஆமை பக்கம். அவளுக்கு முன்னால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கினான். எஞ்சின் சத்தம் கனத்தது. அவள் காது அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு சுற்றும் அந்த நாலு போல்ட்டு வழியாகத்தான் போகிறது. ஒரு டொக் கேட்டால் போதும். பின்னால் இருக்கிற அத்தனை செங்கல்லும் அவள் கழுத்தில் இருப்பது மாதிரி இருந்தது. பக்கக் கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது, ரெயின்கோட்டு போட்ட ஆள், முன்னால் ஒரு குழந்தை. தள்ளிப் போ, தள்ளிப் போ என்று வாய்க்குள் சொன்னாள்.

"இதான்" என்றான் ஆமை.

சாய்ந்த மைல்கல். சுற்றிலும் சிவப்புக் கண்ணாடித் தூள். அவன் கால் கிளட்சில் இறங்கியது. மூன்றாவதிலிருந்து ரெண்டாவது. கியர் நடுவில் எதிலும் இல்லாமல் நின்ற அந்தக் கால் நொடியில் வண்டி எடையற்றுப் போனது மாதிரி இருந்தது. அவள் ஒரு கையால் கதவைத் திறந்துவிட்டாள். மழை உள்ளே அடித்தது. கட்டை மடியில் வழுக்கியது.

கியர் விழுந்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி முன்னால் இழுத்தது.

"கதவ சாத்துங்க" என்றான் ஆமை.

மைல்கல் பின்னால் போனது. உச்சியில் ரோடு சமமாகிற இடத்தில் ஓரம் கட்டினான்.  ஸ்கூட்டர் தாண்டிப் போனது. குழந்தை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. ஆமை துண்டால் முகத்தைத் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான்.

"ஏறிடுச்சு அக்கா. போதும். போலாம்."

அவள் கட்டையை விடவில்லை. விரல்களைப் பிரிக்க முயன்றாள், வரவில்லை.

"எறக்கித் திருப்பு" என்றாள். "இன்னொரு தடவ ஏறு."